அம்மாவுக்கு இருப்பது ஒரே ஒரு படம். அதை எப்படி மாட்டுவது?

வெங்காயப்பட்டறை | ஞாயிறு, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். பெரம்பலூர் மாவட்டம், செட்டிகுளம் பக்கம் எங்கள் ஊர். அம்மா தவறி வரும் ஐப்பசியோடு ஒரு வருஷம். அப்பா இருக்கிறார். வருஷத் திவசத்துக்கு வீட்டில் படம் மாட்ட வேண்டும். அதில்தான் எனக்கும் தம்பிக்கும் மனஸ்தாபம் வந்து நிற்கிறது.

அம்மா படத்துக்கு என்று நின்றதே இல்லை. கல்யாணத்தின்போது எடுத்தது ஒன்று இருந்தது. கூரை வீட்டில் இருந்தபோது மழையில் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுக்கப் பார்த்ததில் முகம் கண்ணாடியோடே போய்விட்டது. என் கல்யாண ஆல்பத்தில் தேடினால், அம்மா நிற்க வேண்டிய இடத்தில் சித்தி நிற்கிறாள். அந்த நேரம் அம்மா பந்தியில் இருந்தாள். தம்பி கல்யாணத்தில் ஒரு படத்தில் முதுகு தெரிகிறது. இன்னொன்றில் தாம்பாளத்தைப் பிடித்த கை. வளையலை வைத்துத்தான் அது அம்மா கை என்று சொல்ல முடியும்.

முகம் நேராகத் தெரிவது ஒன்றில்தான். நூறு நாள் வேலை அட்டையில் 2008இல் ஒட்டிய படம். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரோரம் அப்பாவையும் அம்மாவையும் சேர்த்து நிறுத்தி எடுத்தது. வெயில் நேரே முகத்தில் விழுகிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ கேட்க வாயெடுத்தவள்போல நிற்கிறாள். மூலையில் ரப்பர் ஸ்டாம்பு மை படிந்திருக்கிறது. வாக்காளர் அட்டையில் இருக்கும் படமோ, அம்மா என்று நாம் சொன்னால்தான் தெரியும்.

தம்பி அந்த அட்டையைக் கொண்டுபோய் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் படம் செய்து வந்தான். அரக்கு நிறப் பட்டுச்சேலை, கழுத்தில் ஆரம், காதில் ஜிமிக்கி, பின்னால் நீல வானம். நிறத்தை வெளுத்துவிட்டார்கள். இடது புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பைக் காணோம். நான் பிறப்பதற்கு முன்னால் பருத்திமார் வெட்டும்போது அரிவாள் நுனி பட்ட தழும்பு அது. கைக்குழந்தையாக இருந்தபோது அதைத் தடவிக்கொண்டேதான் நான் தூங்குவேனாம். சுருங்கிய கண் இரண்டும் இப்போது அகலத் திறந்திருக்கின்றன. படத்தில் இருப்பது யார் வீட்டு அம்மாவோ.

தம்பியிடம் சொன்னேன். "உயிரோட இருக்கறப்பதான் நல்லதா ஒண்ணும் கட்டல, படத்துலயாவது கட்டட்டுமே அக்கா" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்? உங்கள் பக்கம் வருஷத் திவசத்துக்கு என்னென்ன வைப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 10:03

அக்கா, அப்பா இருக்கும்போதே அம்மா போயிருக்கிறார்கள். பூவோடும் பொட்டோடும் போனவர்கள். எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் அப்படிப் போனவர்களைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவோம். இதில் படம் என்ற பேச்சே வராது. எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி என் பாட்டிக்கு மாமியார். எப்படி இருப்பார் என்று யாருக்கும் தெரியாது, பேர்கூட எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவருக்குத்தான். கிணற்றடிக்குப் போய், பம்பை அடித்துக் கூப்பிட்டு, பூச்சுற்றிய கலசத்தில் வீட்டுக்கு அழைத்து வருவோம். மஞ்சளில் நனைத்த புதுச்சேலை வைத்துப் படைப்போம். படைத்த சேலையை வீட்டுப் பெண்களில் ஒருத்தி கட்டிக்கொள்வாள்.

என் கல்யாணத்தின்போது அது எனக்கு வந்தது. சாதாரண நூல்சேலைதான். கட்டும்போது மஞ்சள் வாசனை உடம்பெல்லாம் ஏறியது. இன்றைக்கும் பீரோவைத் திறந்தால் லேசாக அந்த வாசனை வரும்.

தம்பிக்குப் பட்டு கட்டிப் பார்க்க ஆசை என்றால் நிஜமாகவே ஒரு சேலை எடுக்கச் சொல்லுங்கள் அக்கா. அம்மாவுக்குப் படைத்துவிட்டு நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள்.

நொய்யல்காரன் | ஞாயிறு, இரவு 11:20

நான் உங்கள் தம்பி பக்கம் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் அப்பா திருப்பூரில் லோடு ஏற்றும் வேலை. கடைசியாக எடுத்த படம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு இருந்தது. இறந்த அன்றைக்குக் காலையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ் அடிக்க வேண்டும், ஒரு மணி நேரத்தில் படம் வேண்டும் என்றார்கள். செல்போனில் தேடித்தேடி அந்தப் படம்தான் கிடைத்தது. ஃபிளக்ஸ் கடைப் பையன் குழாயை எடுத்துவிட்டு, வெள்ளைச் சட்டையும் கோட்டும் போட்டுக் கொடுத்தான். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி. அப்பாவின் பிறந்த தேதி எங்களுக்குத் தெரியாது. ஆதார் அட்டையில் இருந்த ஜூன் 1ஐப் போட்டோம்.

அப்பா கோட்டு போட்டதில்லைதான். ஆனால் குழாயோடு மாட்ட எனக்கு மனம் வரவில்லை. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அந்தக் கோட்டுப் படத்தைத்தான் கும்பிட்டுவிட்டுப் போகிறேன். எனக்கு அதுதான் அப்பா. சேலை வரையச் சொன்னதில் உங்கள் தம்பியின் பாசத்தைப் பாருங்கள்.

நெல்லை டார்க்ரூம் | திங்கள், காலை 6:45

நான் 1978இல் ஸ்டூடியோவுக்குள் போனவன். முப்பது வருஷத்துக்கு மேல் டச்சிங் வேலை. தம்பி சொல்வதையும் கேட்டேன், நீங்கள் சொல்வதையும் கேட்டேன். தொழில்காரனாக நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்திலும் நகை வரைந்தோம். நெகடிவ்மேல் திரவம் ஒன்றைத் தடவிக் காய வைப்போம். பென்சிலை ஊசிமாதிரி சீவி, கீழே வெளிச்சம் வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே முகத்துச் சுருக்கத்தையும் அம்மைத் தழும்பையும் நிரவுவோம். நெகடிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுப்பாக வரும். அப்படித்தான் ஊரையே சிவப்பாக்கினோம். அட்டிகை வேண்டும் என்று கேட்டவர்களுக்குப் பிரிண்டின்மேல் பிரஷ்ஷால் அட்டிகை போட்டேன்.

இன்னொரு வேலையும் செய்திருக்கிறேன். உயிரோடு இருக்கும்போது படமே எடுக்காதவர்களை, இறந்தபின் குளிப்பாட்டி மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்து, பிள்ளைகள் சுற்றி நின்று எடுத்துக்கொள்வார்கள். பிறகு வந்து, "கண்ணை மட்டும் திறந்துவிடுங்க" என்பார்கள். நானே பல பேருக்குக் கண் வரைந்திருக்கிறேன். அதற்கு நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். இறந்தவரின் கூடப்பிறந்தவர் ஒருத்தரை வரச்சொல்லி எதிரே உட்கார வைத்து, அவர் கண்ணைப் பார்த்துத்தான் வரைவேன். ஒரு தடவை ஒரு ஆச்சி தன் அக்காவுக்காக ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்தால் துடைக்கலாமா என்று கேட்டுக் கேட்டுத் துடைத்தார்கள்.

இப்போது கம்ப்யூட்டரில் செய்வது வேறு மாதிரி. சின்னப் படத்தைக் கொடுத்துத் 'தெளிவாக்கு' என்றால், அதில் இல்லாத விவரத்தை அதுவே ஊகித்துப் போடுகிறது. யார் யாரோ முகங்களைப் பார்த்துப் பழகிய ஊகம் அது. அதனால்தான் உங்களுக்கு வேறு அம்மாவாகத் தெரிகிறது. உங்கள் கண் தப்பாகப் பார்க்கவில்லை.

என்ன செய்யலாம்: அட்டையில் இருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். ஸ்கேனரில் 1200 டிபிஐ வைத்து ஸ்கேன் எடுங்கள். லேமினேஷன் பளபளத்தால், சன்னலோர நிழலில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், கொஞ்சம் கோணம் மாற்றி மாற்றி நாலைந்து படம் எடுங்கள். ஸ்டூடியோவில், "கீறலையும் ஸ்டாம்பு மையையும் மட்டும் எடுங்க, முகத்தில் கை வைக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பெரிசாகப் போடாதீர்கள். ஆறுக்கு எட்டு போதும். அதற்குமேல் போனால் உடைந்துவிடும்.

கண்ணாடியோடு ஒட்டிய படம் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. இழுக்காதீர்கள். சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டு, கண்ணாடியோடே ஸ்கேன் எடுங்கள். முகம் முழுசாக வரும்.

வெங்காயப்பட்டறை | திங்கள், மதியம் 1:30

ஐயா, இது முன்னமே தெரிந்திருந்தால் அம்மாவின் கல்யாணப் படம் தங்கியிருக்கும். பிய்த்தது நான்தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா திட்டவே இல்லை. "போனா போவுது, நான் என்ன சினிமாக்காரியா" என்றாள்.

நொய்யல்காரர் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். தம்பியும் ஏழு வருஷம் வெளிநாட்டில் இருந்தவன். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலைக்கு என்று பணம் அனுப்பினான். அம்மா அதை வெங்காய விதைக்குப் போட்டுவிட்டாள். அது அவனுக்கு மனதில் இருக்கிறது என்று நேற்றுதான் எனக்கு உறைத்தது.

சுன்னாகத்தான் | திங்கள், இரவு 8:05

தங்கச்சி, யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன்.

1995 அக்டோபர் 30. சண்டை நெருங்கி வர, ஒரே இரவில் யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் முழுக்க வெளிக்கிட்டது. மழை. நாவற்குழிப் பாலத்தால் அடி அடியாக நகர்ந்து தென்மராட்சிக்குப் போனோம். அம்மா ஒரு பையில் பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதியும் எடுத்தார். ஆல்பங்கள் பாரம் என்று அலுமாரியிலேயே விட்டுவிட்டோம். ரெண்டு கிழமையில் திரும்பி வருவோம் என்ற நினைப்பு. திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை.

எங்கள் அம்மம்மாவின் முகம் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது கல்வெட்டில் இருந்து. தமிழ்நாட்டு ஆட்களுக்குக் கல்வெட்டு என்றால் கோயில் கல் ஞாபகம் வரும். எங்களுக்கு அது செத்தவீடு நடந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கும் சின்னப் புத்தகம். முன்பக்கம் இறந்தவரின் படம், உள்ளே திதி வெண்பா, வம்சம், பிள்ளைகள் புலம்பல், கொஞ்சம் தேவாரம். அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போய்க் கடலில் தலை முழுகிவிட்டு வந்து சாப்பாடு. போகும்போது எல்லாருக்கும் ஒரு கல்வெட்டு. சின்ன வயதில் எனக்கு அதன் அருமை தெரியாது. வீட்டில் அடுக்கி இருக்கும், கப்பல் செய்து விளையாடியிருக்கிறேன்.

வவுனியாவில் ஒரு தூரத்துச் சொந்தம் தன் வீட்டுச் சாமித்தட்டில் அம்மம்மாவின் கல்வெட்டை வைத்திருந்தா. அதில் இருந்த படம் பழைய அச்சு. புள்ளி புள்ளியாக இருக்கும். கிட்டப் பார்த்தால் முகம் கலைந்துவிடும், கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் அம்மம்மா வருவா. நான் பெரிதாக்கவில்லை. அந்த அளவிலேயே சட்டம் போட்டு, சுவரில் கொஞ்சம் உயரத்தில் மாட்டியிருக்கிறேன், தள்ளி நின்று பார்க்கிற மாதிரி.

2005 முதல் இயங்கும் நூலகம் என்ற இணைய நூலகத்தில் இப்படியான நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருந்தால் ஸ்கேன் பண்ணிக் கொடுங்கோ. எங்கோ ஒரு பேரப்பிள்ளை தேடிக்கொண்டிருக்கும்.

முத்துச்சிப்பி | செவ்வாய், காலை 11:40

கீழக்கரையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மவுத்தானவர்களின் படம் மாட்டுகிற வழக்கம் இல்லை. உம்மாவை நினைத்தால் எனக்குக் குரல்தான் வரும்.

வாப்பா துபாயில் இருந்த காலம். கடிதம் எழுத உம்மாவுக்குக் கை வராது, அதனால் கேசட்டில் பேசி, ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் கையில் கொடுத்து விடுவோம். அறுபது நிமிஷக் கேசட். முதல் பத்து நிமிஷம் ஸலாமும் சுகமும். அப்புறம் உம்மா டேப்ரெக்கார்டரை அணைக்க மறந்துவிட்டு அடுப்படி வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பாத்திரம் விளக்குகிற சத்தம், கோழியை விரட்டுகிற சத்தம், "அடியே, வெளக்கு வைக்கிற நேரமாச்சு" என்று என்னைக் கூப்பிடுகிற சத்தம். வாப்பா அந்தப் பகுதியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்களாம். போன வருஷம் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். நாடா ஒரு இடத்தில் சுருங்கியிருந்தது, அங்கே மட்டும் குரல் நடுங்கும்.

உங்கள் அம்மா வாட்ஸாப்பில் பேசி அனுப்பியது ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். ஃபோன் மாற்றும்போது போய்விடும்.

வெற்றிலைக்கொடி | செவ்வாய், மாலை 4:15

படையல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சோழவந்தான் பக்கம் நாங்கள் தலைவாழை இலையில் சோறு, அவருக்குப் பிடித்த குழம்பு, வெற்றிலை பாக்கு, எடுத்த புதுத்துணி எல்லாம் வைத்துச் சாம்பிராணி காட்டுவோம். கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவோம். அவர்கள் வந்து சாப்பிடுவதாக நம்பிக்கை. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தட்டாமல் போகக் கூடாது. முதல் உருண்டை காக்காய்க்கு.

திவசத்துக்குக் கவுச்சி ஆகாது என்று யாராவது சொல்வார்கள். அது அவரவர் வீட்டு வழக்கம். எங்கள் தாத்தாவுக்குச் சுக்கா இல்லாமல் இலை போட்டால் பாட்டி எழுந்து போய்விடுவார்கள்.

வெங்காயப்பட்டறை | செவ்வாய், இரவு 9:50

எங்கள் அம்மாவுக்குக் கருவாட்டுக் குழம்பு. நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும் போட்டு, சின்ன வெங்காயத்தை உரித்து முழுசாகப் போடுவாள். அதைத்தான் வைக்கப் போகிறோம்.

குரல் இரண்டு இருக்கிறது. ஒன்று பதினோரு விநாடி: "மழ வர்ற மாதிரி இருக்கு, பட்டறய மூடச் சொல்லு ஒங்கப்பன." வெங்காயம் சேர்த்து வைக்கும் பட்டறையைச் சொல்கிறாள். இன்னொன்றில் பேச்சே இல்லை, தெரியாமல் அமுக்கி அனுப்பியது. ஆடு கத்துகிறது. இரண்டையும் எடுத்து வைத்துவிட்டேன்.

நெல்லை ஐயாவிடம் ஒரு சந்தேகம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தேன், நன்றாக வந்திருக்கிறது. அம்மாவை மட்டும் வெட்டி எடுத்தால் பக்கத்தில் அப்பாவின் தோள் ஓரத்தில் நிற்கிறது. இருவரும் ஒட்டி நின்றிருக்கிறார்கள். உயிரோடு இருப்பவரை மாலை போட்ட படத்தில் வைக்கக் கூடாது என்று பெரியப்பா சொல்கிறார். தோளை அழித்துவிட முடியுமா?

நெல்லை டார்க்ரூம் | புதன், காலை 6:30

அழிக்கலாம் அம்மா. ஆனால் அழித்தால் அந்த இடத்தில் உங்கள் அம்மாவின் கையை யாராவது வரைய வேண்டி வரும், அப்பாவின் தோள் மறைத்திருக்கிற கை. கும்பலாக எடுத்த படத்தில் இருந்து ஒருத்தரைப் பிரிக்கும்போது எங்களுக்கு எப்போதும் அதுதான் கஷ்டம். யார் தோளாவது கூட வரும். பழைய படங்களைக் கவனித்துப் பாருங்கள், தனிப் படம் என்று மாட்டியிருப்பதில் பாதிக்கு ஓரத்தில் யாருடைய சேலைக் கரையோ, விரலோ இருக்கும். அப்பாவையே கேளுங்கள்.

இடையில் ஒரு வேண்டுகோள். ஊரில் பழைய ஸ்டூடியோ மூடுகிறார்கள் என்றால் நெகடிவ்களை எடைக்குப் போட விடாதீர்கள். நான் வேலை பார்த்த இடத்தில் வெள்ளி எடுக்கிறவன் மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனான். நான் அன்றைக்கு லீவு. புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களை ஊர் ஊராகத் தேடி ஸ்கேன் செய்தார்கள். அவர்கள் கைக்கு வந்தது கொஞ்சம்தான். எடைக்குப் போனது மலை.

வெங்காயப்பட்டறை | ஐப்பசி கடைசி ஞாயிறு, இரவு 10:10

இத்தனை நாள் கழித்து வருகிறேன். திவசம் நல்லபடியாக முடிந்தது.

அப்பாவிடம் ஸ்கேனைக் காட்டித் தோளை என்ன செய்வது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இருந்துட்டுப் போவுது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பெரியப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவரே ஆணி அடித்துக் கொடுத்தார். மாலையை மட்டும் அம்மா பக்கமாக ஒதுக்கிப் போட்டோம்.

தம்பி செய்துவந்த படத்தை நான் எடுக்கச் சொல்லவில்லை. அவன் அதைத் தன் அறையில் மாட்டியிருக்கிறான். கெடிலக்கரைத் தங்கை சொன்ன சேலையைப் பற்றிச் சொன்னதும் அன்று சாயந்திரமே ஆரணிக்குப் போகும் பஸ் எது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டான். அரக்கு நிறம்தான் எடுத்து வந்தான். மஞ்சள் தடவி, இலைக்குப் பக்கத்தில் வைத்தோம். கருவாட்டுக் குழம்பு கொஞ்சம் உப்புக் கரித்தது.

அம்மாவோடு ஏரி வேலைக்குப் போன அஞ்சாறு பேர் வந்திருந்தார்கள். அதில் எதிர்வீட்டுப் பெரியம்மா படத்துக்குக் கிட்டே போய் நின்றார். "இது அட்டைக்கு எடுத்ததுதானே, நானும் அன்னிக்கு வரிசையில பின்னாடி நின்னேன்" என்றார். அம்மா ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி நிற்கிறாளே, என்ன கேட்டாள் என்று ஞாபகம் இருக்கிறதா என்றேன். பெரியம்மா யோசிக்கவே இல்லை.

"'சிரிக்கணுமா வேணாமா'ன்னு கேட்டா. அவன் பதிலே சொல்லாம எடுத்துட்டான்."

சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.